சிவப்பு விளக்கும் என் உம்மாவும்

யூடியூப் பார்த்துத் திருத்தி, இரண்டு மின்விசிறிகளைக் கொன்றவன் நான். அதே துணிவில் வீட்டுச் சத்தத்தை அளக்க ஒரு சர்க்கிட் செய்து சுவரில் மாட்டினேன். மெதுவாகப் பேசினால் பச்சை விளக்கு, சத்தம் கூடினால் சிவப்பு. என் தும்மலுக்கும் சிவப்புத்தான். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. காது மந்தமான என் உம்மா வாய் திறந்தாலே சிவப்பு எரியும். "உம்மா, பொலிஸ் வரப்போகுது" என்று பகிடி பண்ணுவேன். மனைவியும் பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

கற்பிட்டியில் எங்களுக்குக் கருவாட்டுத் தொழில். மழை இருட்டுவதை முதலில் காண்பவர் கத்த வேண்டும். முற்றத்தில் காயும் கருவாட்டை வீடே ஓடிவந்து அள்ளும். எங்கள் வீட்டில் அந்தக் குரல் உம்மாவுடையது. சென்ற மாதம் ஒரு பின்னேரம், கூரையில் மழை விழுந்த பிறகுதான் நான் வெளியே ஓடினேன். வழுக்கும் முற்றத்தில் உம்மா தனியாக, நனைந்தபடி கருவாட்டுப் பாயை இழுத்துக்கொண்டிருந்தார். விழாமல் இருந்தது அல்லாஹ்வின் கிருபை.

"ஏன் உம்மா கூப்பிடல்ல?"

"கத்தினா உன்ட லைட் சிவக்குமே மகன். எல்லாரும் சிரிப்பீங்க."

நனைந்த கருவாட்டைவிட அன்று நான்தான் அதிகம் நாறினேன்.

சர்க்கிட் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. வெகுநேரம் சிவப்பு எரியாவிட்டால், எழுந்துபோய் உம்மாவைப் பார்க்கிறேன்.