மெதுவான பொட்டலம்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் பொட்டலம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூடக் கொஞ்சம் தலையைச் சொறிவார். பட்டம் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள், கூப்பிட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்திருப்பாள். அவள் வேலையை அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

அந்தக் கம்பெனி செய்தது ஒரே ஒரு மென்பொருள். காது கேளாதவர்களுக்கானது. எதிரில் இருப்பவர் பேசப் பேச, மைக் வழியாகக் கேட்டு, பேச்சைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டும். நிரல் எழுதும் கெட்டிக்காரர்கள் மாடியில் இருந்தார்கள். அவர்கள் எழுதியதை வாங்கி, அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில் போட்டு, ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் தகுந்தபடி பொட்டலம் கட்டித் தருவது கீழ்த்தளத்தில் இவள் வேலை. கம்ப்யூட்டர் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருக்கும் பிராசஸர்களுக்குள் அப்படி ஒன்றும் ஒற்றுமை கிடையாது. ஒரு பிராசஸர் தொழிற்சாலையை விட்டு வரும்போது எந்தக் கட்டளைகளைத் தெரிந்துகொண்டு வந்ததோ, கடைசிவரைக்கும் அவை மட்டும்தான் அதற்குப் புரியும். புதியது பல கணக்குகளை ஒரே மூச்சில் போட்டுத் தள்ளும். பழையது ஒவ்வொன்றாகத்தான் போடும். கைபேசி வகையறா வேறு பாஷையே பேசும். ஆகவே மென்பொருள் ஒன்றுதான், பொட்டலம் ஆளுக்கொன்று. எதில் எந்தக் கட்டளை போகலாம், எது போகக் கூடாது என்று ஆப்ஷன்களைப் போட்டு வைப்பாள். வீட்டில் ஒரே சமையலை மாமனாருக்கு உப்பைக் குறைத்தும் புருஷனுக்குக் காரத்தைக் கூட்டியும் இறக்குகிறவளுக்கு இது ஒரு மலையாகத் தெரியவில்லை.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவளும் இல்லை. சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போக, யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் இவள் பட்டாள். சரியாகக் கட்டினால் யாரும் ஒரு வார்த்தை நல்லது சொல்வதில்லை. தப்பாகிப் போனால் மட்டும் மாடியிலிருந்து எல்லாரும் இறங்கி வருவார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. கம்பைலர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அவளுக்கு வேலை கிடையாது. ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நாரெல்லாம் நிதானமாக எடுத்து, சுளை சுளையாகத் தின்பாள். ஆரஞ்சு வாசனை மாடிவரை வந்தால் பொட்டலம் தயாராகிறது என்று அர்த்தம்.

அந்த மென்பொருளை வீட்டிலும் ஒருவர் வைத்திருந்தார், அவள் மாமனார். ஒரு காலத்தில் தன் அண்ணனோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை, ஆனால் பேச்சில் மட்டும் ஒரு குறையும் இல்லை. மகன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். ஓடுகிற வண்டியை எதற்கு விற்க வேண்டும் என்று மனிதர் பழைய லேப்டாப்பையே கட்டிக்கொண்டு அழுதார். கைபேசியில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், அதுவும் வேண்டாம்.

ஒருநாள் அவருடைய அண்ணனிடமிருந்து மருமகளுக்கு போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியைப் பார்க்க வருகிறேன், அவன் இருப்பானா என்று கேட்டார். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. தம்பி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் உரசாமல் ஒதுங்கிப் போயிருக்கிறது. ஸ்கூலுக்குத் திரும்பியதும், கற்றுக்கொள்ள வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், விஷயம் தெரிந்துகொண்ட அண்ணன் கையை நீட்டி, சாவியைக் கொடு என்றிருக்கிறார். இவர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தார். அந்தக் கதையை அவர் வாயால் இதுவரை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை.

மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் அதைத் திரையில் இரண்டு தடவை படித்தார். பிறகு மருமகளிடம் கறாராகச் சொன்னார்.

"அவன் என்ன சொல்றான்னு நான் என் கண்ணால படிக்கணும்மா. நீ கேட்டு எனக்கு எழுதிக் காட்டக் கூடாது. நீ சர்க்கரை தடவித்தான் எழுதுவ."

அது உண்மைதான். அப்படித்தான் எழுதியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியானது. இன்னும் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிற பதிப்பு, அதனால் போட வேண்டிய கணக்கும் அதிகம். மாடியில் இருந்தவர்கள் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். சனிக்கிழமை காலையில் மாமனார் லேப்டாப்பைத் திறந்தார். அது தானாகவே புதிய பதிப்பை இறக்கி வைத்திருந்தது. மென்பொருளின் பெட்டி திரையில் திறந்தது, உடனே மறைந்தது. மறுபடி தட்டினார், மறுபடி மறைந்தது. மருமகளைக் கூப்பிட்டார். அவள் கட்டளைகளைத் தட்டி ஓட்டுகிற கறுப்புத் திரையை வரவழைத்து அங்கிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு வரி வந்தது. பிராசஸருக்குப் புரியாத கட்டளை ஒன்று வந்துவிட்டதால் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்கிற வரி.

யார் செய்த தப்பு என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. பொட்டலம் கட்டுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் செய்ய வாய்க்காத தப்பு அது. ‘நேட்டிவ்’ என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டால், கம்பைலர் தான் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் தலைமுதல் கால்வரை பார்த்து, அதற்குத் தெரிந்த அத்தனை கட்டளையையும் வாரிப் போட்டுக் கட்டும். தன் தோளுக்கு அளவெடுத்த சட்டையை ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற மாதிரி. புதிய பதிப்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்று பார்ப்பதற்காகப் புதன்கிழமை அந்த ஆப்ஷனைப் போட்டாள். பார்த்ததும் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. அலுவலகத்தில் இருப்பதெல்லாம் புத்தம் புதுக் கம்ப்யூட்டர்கள், ஒன்றுகூட முணுமுணுக்கவில்லை.

உடனே மேனேஜரை போனில் பிடித்து, தப்பு தன்னுடையதுதான் என்று பூசி மெழுகாமல் சொன்னாள். அவளைவிடச் சின்னவன், நல்ல பையன். தூக்கக் கலக்கத்திலேயே புதிய பதிப்பை நிறுத்தி வைத்தான். திங்கட்கிழமை எல்லாரும் உட்கார்ந்து சரிசெய்யலாம் என்றான். ஊருக்குத் திங்கட்கிழமை போதும். இவளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டியிருந்தது. பழைய பதிப்பையே திரும்பப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், புதியது வந்த கையோடு லேப்டாப்பில் இருந்த, குரலை அடையாளம் காண உதவும் கோப்புகளையெல்லாம் தன் பாணிக்கு மாற்றிவிட்டிருந்தது. பழையது அவற்றைத் திறக்க மாட்டேன் என்றது. புருஷனோ வேலை விஷயமாகத் தன் கம்ப்யூட்டரோடு வெளியூர் போயிருந்தான். அலுவலகக் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி கிடையாது.

மாமனார் பேப்பரின் ஓரத்தைக் காட்டி, விஷயம் என்ன, எழுது என்றார். நான் கெடுத்துவிட்டேன், நானே சரிசெய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் கிடைத்த ஆரஞ்சுப் பழத்தோடு அலுவலகத்துக்கு ஓடினாள்.

ஆளில்லாத அலுவலகம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பொட்டலத்தை அந்தப் பழைய லேப்டாப்புக்கென்றே கட்டினாள். புதுக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வேண்டாம் என்று தள்ளினாள். ஒரே மூச்சில் போடுகிற கணக்கு கிடையாது, ஒன்றன்பின் ஒன்றாகப் போடு என்று ஆப்ஷனைத் திருத்தினாள். கம்பைலர் ஓட ஆரம்பித்தது. பழத்தை உரித்தாள், ஆனால் நார் எடுக்கப் பொறுமை இல்லை, அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் போட்டதும் பெட்டி திறந்தது, மறையவில்லை. மைக்கின் முன்னால் நின்று, சாப்பாடு ஆச்சா மாமா என்று கேட்டாள். திரை சும்மா இருந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ‘சாப்பாடு’ என்று வந்தது. பின்னால் ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது, இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளம். மீதி வார்த்தைகள் ஆடி அசைந்து வந்து சேர்ந்தன.

மாமனார் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, பேச்சைத் தபால்ல போட்டு அனுப்பறியா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருமே எதிராளி வாக்கியத்தை முடிக்கும் முன்பே பதில் கொடுத்துவிடுகிற ஜாதி. இவ்வளவு மெதுவான எழுத்தை வைத்துக்கொண்டு என்ன சமாதானம் நடக்கப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் இதைவிட வேகமாக அந்தப் பிராசஸரால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் இரண்டு தடவை முகச்சவரம் செய்துகொண்டார். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, இரண்டு பேரும் பார்க்கும்படி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார். பெரியவர் கைத்தடியோடு வந்தார். அதே மூக்கு, அதே விறைப்பு. மருமகள் தேநீரை வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

பெரியவர் சுற்றி வளைக்கவில்லை. மைக்கைப் பார்த்து, வகுப்பெடுக்கிற குரலில் சொன்னார்.

"அன்னிக்கு உன்கிட்ட சாவியை வாங்கினது தப்பில்லடா. எல்லார் முன்னாடியும் கையை நீட்டினேன் பாரு, அதுதான் தப்பு."

அவளுக்கு முழுசும் காதில் விழுந்துவிட்டது. மாமனாருக்கு விழவில்லை. அவருக்குத் திரைதான் கதி. அவர் திரையைப் பார்த்தார், பெரியவரும் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பெரிய எழுத்தில் ‘அன்னிக்கு உன்கிட்ட’ என்று வந்தது. அப்புறம் ‘சாவியை வாங்கினது’. அப்புறம் ‘தப்பில்லடா’.

அத்தோடு நின்றது.

மாமனார் மேஜையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் அடைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மீதியையும் படியுங்கள் மாமா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி என்ன பிரயோஜனம். எழுதிக் காட்டலாம் என்றால், எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

பெரியவர் கையை உயர்த்தினார். அன்றைக்குச் சாவிக்காக நீட்டிய அதே கை. உள்ளங்கையைக் காட்டித் தம்பியை நிறுத்தி, ஒரு விரலால் திரையில் மின்னிக்கொண்டிருந்த சின்னக் கோட்டைத் தொட்டார். "இரு, இன்னும் இருக்கு" என்று வாய் மட்டும் அசைந்தது.

மாமனார் பாதி எழுந்தபடியே நின்றார். கோடு மின்னியது. ‘எல்லார் முன்னாடியும்’ வந்தது. ‘கையை நீட்டினேன் பாரு’ வந்தது. கடைசியில், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ, ‘அதுதான் தப்பு’ என்பதும் வந்து சேர்ந்தது.

அவர் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு உட்கார்ந்தார். பேசியபோது குரல் அடங்கியிருந்தது.

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சது எனக்குக் கேக்கலண்ணே. கேட்டுச்சுன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

மைக் அவர் குரலையும் விடவில்லை. அந்த வாக்கியமும் தவணை முறையில் திரையில் ஏறியது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாம் மனுஷர் யாரோ சொன்னதைப் படிப்பது போலப் படித்தார்கள். படித்து முடித்ததும் பெரியவர் தம்பியின் தோளில் கை போட்டார். மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரைச் சூடாக்க உள்ளே போனாள்.

திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். மென்பொருள் திறந்ததும் முதலில் பிராசஸருக்கு என்னென்ன தெரியும் என்று விசாரித்து, அதற்குத் தகுந்த வழியில் போகும்படி மாற்றினார்கள். பழைய பிராசஸருக்கென்று கணக்கையும் சுருக்கினார்கள். பழைய லேப்டாப்பிலும் பேச்சு சுடச்சுட எழுத்தாக வந்தது. கிடங்கில் தூசி படிந்து கிடந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரை அவள் கேட்டு வாங்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டாள். அதில் ஓடாத பொட்டலம் இனிமேல் வெளியே போகாது.

அடுத்த முறை பெரியவர் வந்தார். புதிய பொட்டலம் பறந்தது. ரிவர்ஸ் எடுக்க யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று பேச்சு வந்தது. எழுத்து வர வர இவர் பதில் சொன்னார், சொல்லச் சொல்ல அவர் பதில் சொன்னார். தேநீர் கொதிப்பதற்குள் பெரியவர் கோபத்தோடு கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

சாயங்காலம் மாமனார் மருமகளிடம் வந்து நின்றார். முகம் தொங்கியிருந்தது.

"வேகமா நல்லாத்தாம்மா வருது. ஆனா அண்ணன் வர்ற அன்னிக்கு மட்டும் அந்தத் தபால்காரனையே போட்டுடு."

மறுநாள் அவள் ஆப்ஷன்களின் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். எல்லாப் பிராசஸருக்கும்தான் பொட்டலம் இருக்கிறதே, வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கும் இது எதற்கு என்று கேட்டான்.

"அது எங்க வீட்டுக்கு. ரெண்டுமே ரொம்பப் பழைய பிராசஸர். கொஞ்சம் கொஞ்சமா குடுத்தாதான் புரியும்."

அவன் அவள் கம்ப்யூட்டரிலேயே சம்மதம் என்று தட்டினான். அவள் தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.