விதைக்காத மல்லி

பாலவனத்தம் அருகே டிராக்டர் கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்த என் கணவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தம் போக இன்னொரு குழாய் ரத்தமும் எடுக்க நர்ஸ் அனுமதி கேட்டதும் எனக்குச் சந்தேகம்.

“அது எதுக்கு?” என்றேன்.

“ஆராய்ச்சிக்குக்கா. அடிபட்டவுக ரத்தத்துல கிருமி பரவுறத மைக்ரோ ஆர்.என்.ஏ.ங்கிற நுண்ணிய மூலக்கூறு முன்கூட்டியே காட்டுமான்னு பாக்குறாக.”

ரத்தத்தை விற்பார்களோ என்று மறுத்துவிட்டேன்.

மாலையில் கணவர், “மழை வருது, களத்துல கெடக்குற மல்லிய அள்ளு” என்றார். “வெள்ளாம நெனப்பு” என்று கொழுந்தனார் சிரித்தார். எனக்கு உறுத்தியது. இந்த வருஷம் நாங்கள் கொத்தமல்லி விதைக்கவே இல்லை.

டாக்டரிடம் ஓடினேன். சோதித்துப் பார்த்ததில் ரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கியிருந்தது; அந்த உளறல் அதன் அறிகுறியாம். உடனே மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் அந்தக் குழாய்க்குச் சம்மதித்தேன். இப்போதும் அவர் தூக்கத்தில் உளறினால் எழுப்பி, இந்த வருஷம் என்ன விதைத்தோம் என்று கேட்டுவிடுகிறேன்.