அபு மிஷாரி குளிர்காலத்தைத் திறந்துவைத்த கதை

குவைத்தில் குளிர்காலம் வானத்திலிருந்து வருவதில்லை. யாராவது ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும். கோடை முழுக்க வெள்ளை அங்கியில் திரியும் ஆண்களில் ஒருவர் ஒரு மாலை கம்பளித் துணியில் தைத்த பழுப்பு அங்கியோடு திவானியாவுக்குள், அதாவது ஆண்கள் மாலைதோறும் கூடிப் பேசும் அறைக்குள், நுழைவார். அத்தோடு குளிர்காலம் திறந்தாயிற்று. முதலில் போட்டவரைக் கேலி செய்வார்கள். மறுவாரம் எல்லோரும் போட்டிருப்பார்கள்.

கைஃபான் பகுதியில் அபு நவாஃப் வீட்டுத் திவானியாவில் இந்தத் திறப்பு விழாவை வெகுகாலமாக நடத்திவந்தவர் அபு மிஷாரி. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை எண்ணெயைக் கண்ணால் கண்டதில்லை. அதைப் பற்றிய கூட்டங்களில் தேநீர் குடித்ததோடு சரி. வானிலை அப்படியல்ல, அது அவருடைய சொந்த விவகாரம். கோடை முடிவில் சுஹைல் நட்சத்திரம் தெரிந்ததும் அவர் பேச ஆரம்பித்தால் மழை முடியும்வரை வேறு யாருக்கும் வாய் திறக்க இடமிருக்காது.

போன வருடம் அந்த மரியாதைக்கு வேட்டு வைத்தவர் அபு ஃபலாஹ். ஆள் நல்ல பருமன். கையில் எந்நேரமும் போன். அதைப் பார்த்து, "நாளைக்குக் குளிரும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் கம்பளியில் வந்தார். குளிர்ந்து தொலைத்தது. அதற்குப் பிறகு மழை பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். அபு மிஷாரி பேரீச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வருடமும் பிந்தினால் தன் சொல்லுக்கு அந்த அறையில் ஒரு சின்ன அரபுக் காப்பிக் கோப்பையின் கனம்கூட இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில், அக்டோபர் மாதம் மூன்றாவது வாரம், மகன் மிஷாரி அப்பாவின் அறைக்குப் புது ஏசி மாட்டிக்கொடுத்தான். மறுநாள் காலை அபு மிஷாரி பல் தந்தியடிக்க எழுந்தார்.

"வந்துடுச்சு," என்றார்.

"யாரு?" என்றாள் மனைவி உம் மிஷாரி, போர்வைக்குள்ளிருந்து.

"குளிர். எலும்புல தெரியுது."

"அது ஏசிங்க. குறைச்சு வைங்கன்னு நேத்தே சொன்னேன்."

"வஸ்ம் மழைப் பருவம் தொடங்கியாச்சு, உனக்கென்ன தெரியும்? ஏசிக் குளிர் தோலோட நிக்கும். இது உள்ள இறங்குது."

முழங்கால் வலியால் தொழுகை வீட்டிலேயே. நடு அறையில் ஒரு ஏசி, சாப்பிடும் அறையில் ஒன்று. கார் நிறுத்துமிடம் வீட்டுக்குள்ளேயே. ஓட்டுநர் ஜமீல் முன்கூட்டியே காரைக் குளிரவைத்துவிடுவான். ஆக, அன்று முழுவதும் அபு மிஷாரிக்கும் குவைத்துக்கும் நேரடிப் பழக்கம் ஏற்படவில்லை. மாலைத் தொழுகை முடிந்து, பழுப்புக் கம்பளி அங்கியும் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியுமாக, அத்தர் மணக்கக் கிளம்பினார்.

அபு நவாஃப் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. கடலிலிருந்து ஈரக் காற்று, வெந்த துணியை முகத்தில் போர்த்தியதுபோல் வந்து ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் பூத்தது. திரும்பிவிடலாம் என்று ஒரு காலைக் காருக்குள் வைத்தார். ஆனால் திவானியாவின் கதவு கண்ணாடிக் கதவு. உள்ளே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

காலை வெளியே எடுத்தார். உள்ளே போனார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். குளிர்கால வாழ்த்துகள்."

அபு ஃபலாஹ் போனைத் தூக்கினார். "வெளிய முப்பத்தஞ்சு டிகிரி காட்டுது, அபு மிஷாரி. நீங்க எந்த ஊர்லேருந்து வர்றீங்க?"

"உன் போன் எந்த இடத்துச் சூட்டைச் சொல்லுது?"

"விமான நிலையம்."

"அங்க விமானம் எல்லாம் எஞ்சின் கொதிக்க வந்து இறங்குது. சூடா இல்லாம என்ன செய்யும்? மனுஷன் குடியிருக்கற இடத்துல அளந்து சொல்லச் சொல்லு."

சிரிப்பு எழுந்தது. அபு ஃபலாஹ் விடுகிற ஆளில்லை. "சரி, பெரியவங்க சொன்னா சரிதான். குளிர் வந்தாச்சுன்னா ஏசி எதுக்கு? அபு நவாஃப், அதை அணைச்சிட்டு சன்னலைத் திறங்க. அப்படியே கரி அடுப்பையும் கொண்டாரச் சொல்லுங்க. குளிர்காலம்னா இஞ்சிப் பால் வேண்டாமா?"

அபு நவாஃப் அபு மிஷாரியைப் பார்த்தார். அபு மிஷாரி, "பாலுக்கு ஏலக்காயும் போடச் சொல்லுங்க," என்றார்.

அடுப்பு வந்தது. கரி கனன்றது. சன்னல் வழியே கடல் காற்று உள்ளே வந்து மெத்தையில் சாய்ந்துகொண்டது. எழுந்து போக எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் முதலில் போகிறவன் கோழை என்று பேராகிவிடுமே. அபு மிஷாரியின் முதுகில் வியர்வை ஓடை கட்டி ஓடியது. முகத்தை மட்டும் ஒரு ஷேக்கின் கல்யாணப் படத்தில் இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அடுப்புப் பக்கம் நீட்டிக் குளிர் காய்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கரி போடுப்பா. விரல் விறைக்குது."

பால் வந்தது. ஆவி பறந்தது. அபு ஃபலாஹ் முதலில் தலைத்துணி மேலிருந்த கறுப்பு வளையத்தைக் கழற்றினார். பிறகு தலைத்துணியை. பிறகு அதாலேயே விசிறிக்கொண்டார். அடுப்போரம் வைத்திருந்த அவருடைய போன் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, சூடு தாங்கவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது.

"பாவம், அதுக்குக் காய்ச்சல்," என்றார் அபு மிஷாரி. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவை. குளிர் ஒத்துக்கல."

"ஏசியைப் போடுங்கப்பா," என்றார் அபு ஃபலாஹ் ஈனக்குரலில். "செத்துருவேன்."

"இளவயசு ரத்தம், சூடு அதிகம். அவனுக்காகப் போடுங்க அபு நவாஃப். நான் பொறுத்துக்கறேன்."

அபு ஃபலாஹுக்கு அறுபத்திரண்டு வயது.

செய்தி பரவியது. அபு மிஷாரி திறந்துவிட்டாராம் என்று கேள்விப்பட்டு, பிந்தினால் கேவலம் என்று, அந்த வாரமே பாதிப் பேர் கம்பளியில் வந்து வெந்தார்கள். தையல்காரர்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. வெற்றி முழுமையானது. அதில் ஒரே சங்கடம், வெற்றி பெற்றவர் அதை மாலைதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அபு மிஷாரியின் கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு வேர்விட்டது. உம் மிஷாரி பவுடரைக் கொட்டிக்கொண்டே, "எலும்புக்குள்ள இறங்குச்சே, வெளிய வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி மழை கொட்டி, வடக்குக் காற்று திரும்பி, மெய்யாகவே குளிர்ந்தது. மறுநாள் மாலை திவானியா முழுக்கப் பழுப்பும் சாம்பலும் கருநீலமுமாக உட்கார்ந்திருந்தது. கதவு திறந்தது. மெல்லிய வெள்ளைப் பருத்தி அங்கியில், உதடு நீலம் பாரிக்க, அபு மிஷாரி வந்தார். கம்பளியை நினைத்தாலே அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"என்ன இது?" என்றார் அபு ஃபலாஹ். "இன்னிக்குத்தானே குளிர்?"

அபு மிஷாரி அடுப்பைத் திரும்பியும் பார்க்காமல், எட்டத்தில் இருந்த மெத்தையில் போய் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இன்னிக்கு," என்றார், பல் தந்தியடிக்க. "நான் சீக்கிரம் ஆரம்பிச்சவன்ல. எனக்கு முடிஞ்சு போச்சு."