பன்னிரண்டு சதவீதம், இரண்டு முறை

அறுபது மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டிய ஃபியூஸ் கேரியர், சூளையிலிருந்து அறுபத்தெட்டு மில்லிமீட்டராக வெளியே வந்தது. ஒன்றல்ல, தட்டு முழுக்க. நான் வேலையில் சேர்ந்து அப்போது ஏழாவது மாதம்.

ஃபியூஸ் கேரியர் என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான். கரண்ட் போனால் மீட்டர் பலகையிலிருந்து பிடுங்கிப் பார்ப்போமே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை. விருத்தாசலத்தில் அதைச் செய்யும் ஒரு சிறிய செராமிக் யூனிட்டில்தான் என் முதல் வேலை.

நான் படித்த கணினி மையத்தில் இப்போது படிக்கும் பெண்களுக்காக, எனக்குப் பிடித்த மென்பொருள்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பட்டியலாகவே தருகிறேன். பட்டியல் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

1. எக்செல்

முதல் நாள் முதலாளி என்னை அலுவலக அறைக்குக் கூட்டிப் போனார். மேசையில் பூப்போட்ட துணி மூடிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது.

"வாங்கி எட்டு மாசம் ஆச்சும்மா. யாரையும் தொட வுடல. புதுசாவே இருக்குது பாரு" என்றார் பெருமையாக.

ஒரு வாரத்தில் அதில் மண் கலவை, சூளை வெப்பம், உடைசல் என்று எல்லாவற்றுக்கும் ஷீட் போட்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டங்களுக்கு நிறம் கொடுத்தேன். பிரிண்டர் கறுப்பு மட்டுமே அடிக்கும் என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடித்த தாளைக் கொண்டுபோய், மண்ணை அழுத்தும் பிரஸ் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா அக்காவிடம் கொடுத்தேன்.

"பாப்பா, இதுல நான் எந்தக் கட்டத்தப் படிக்கணும்?"

"எல்லாத்தையும்தான் அக்கா."

"அப்ப நீயே வந்து பிரஸ்ஸ அமுக்கு. நான் ஒக்காந்து படிக்கிறேன்."

அந்தத் தாளில் அவர் மறுநாள் வடை மடித்து வைத்திருந்தார். மூன்றாம் பக்கம். நான் மிகவும் நம்பிய பக்கம்.

2. நோட்பேட்

அன்றைய வேலைகளை நோட்பேடில் வரிசையாக எழுதி, முடித்ததற்கு முன்னால் ஒரு எக்ஸ் குறி போடுவேன். இதில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. வெளியே போகும் வேலை என்றால் கிளம்புவதற்கு முன்பே குறியைப் போட்டுவிடுவேன். திரும்பி வந்து போட மறந்துவிட்டால் பட்டியல் தப்பாகிவிடும் அல்லவா?

அப்படி ஒரு நாள் பட்டியலின் முதல் வரி, "வெர்னியர் எடுத்துக்கொள்." குறி போட்டாயிற்று. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் அந்தக் கருவி மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

3. ஆட்டோகேட்

வரைபடம் போடும் மென்பொருள். இதுதான் என் செல்லம். இதை விளக்க ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். மண் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். எங்கள் மண் பன்னிரண்டு சதவீதம். அதனால் மண்ணை அழுத்தும் இரும்பு அச்சின், அதாவது டையின் குழி, வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக? பன்னிரண்டைக் கூட்டினால் போதாது. நூற்றை எண்பத்தெட்டால் வகுக்க வேண்டும். 1.136 வரும். இந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் அந்த யூனிட்டில் நான்தான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் வரைபடம் என்று ஒன்று கிடையாது. முதலாளி கையில் கிடைத்த அட்டையின் பின்னால் நீளம், அகலம் எழுதி, ஜங்ஷன் ரோட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பழனிவேல் அண்ணனுக்கு அனுப்புவார். டை வரும். சரியாக இருக்கும். எப்படிச் சரியாக இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்த அதிர்ச்சியிலேயே இருந்தேன்.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு புதிய ஆர்டர் பேச்சு வந்தது. கேரியர் செருகும் அடிக்கட்டையான பேஸ் ஒன்றை அவர்களே அனுப்பி, அதில் சரியாக உட்காரும் கேரியரை மாதிரிக்குச் செய்து அனுப்பச் சொன்னார்கள். சுட்ட பிறகு அறுபது மில்லிமீட்டர். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் மாதிரிக் கட்டை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ஆர்டர்.

நான் கேரியரை வரைந்தேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அளவை மாற்றும் ஸ்கேல் கட்டளை கொடுத்து, 1.136 என்று தட்டினேன். அறுபது, ஒரே நொடியில் அறுபத்தெட்டு புள்ளி இரண்டு ஆனது. கீழே கட்டம் கட்டி, வரைந்தவர் என்று என் பெயரையும், சரிபார்த்தவர் என்று என் பெயரையும் போட்டேன். இது சுட்ட அளவா, சுடாத அளவா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இடம் இருந்தது. அங்கே யூனிட்டின் பெயரை நிழல் எழுத்தில் போட்டிருந்தேன்.

பழனிவேல் அண்ணன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் எப்போதும் ஒரு குத்தல்.

"இன்னா பாப்பா, அறுவத்தெட்டு பாயிண்டு ரெண்டா? ஒங்க மொதலாளி அனுப்புற அட்டையில பாயிண்டே இருக்காதே. புது மாடலா?"

"புது மாடல்தாண்ணே. கம்ப்யூட்டர் துல்லியமா சொல்லும்."

"சரி, துல்லியமாவே வெட்டிடுறேன். அப்பறம் வந்து மொனகக் கூடாது."

பத்து நாள் கழித்து டையைச் சரிபார்க்கப் போனேன். வெர்னியர் இல்லாத கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. அவர் மேசையில் ஒரு பித்தளை ஸ்கேல் கிடந்தது. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. கோடுகள் கையால் கீறியவை. அதை எடுத்துக் குழியில் வைத்தேன். அறுபத்தெட்டுக்கு மேல் ஒரு மயிரிழை.

"அச்சு அசலா இருக்குண்ணே! கொஞ்சம் கூட மாறல."

"என் ஸ்கேல வெச்சே அளந்தா எப்படி மாறும்?" என்று சிரித்தார்.

தொழில்காரரின் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

டையை பிரஸ்ஸில் மாட்டி முதல் கட்டையை எடுத்ததும் சரோஜா அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பெருசா இருக்குது பாப்பா."

"பச்சையா இருக்கும்போது பெருசாதான் அக்கா இருக்கும். சுட்டா சுருங்கிடும்."

"பதினஞ்சு வருசமா அமுக்குறேன். எவ்ளோ பெருசா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் ஒரு தாள் எடுத்து அவருக்குச் சதவீதம் விளக்கினேன். அம்புக்குறி எல்லாம் போட்டு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தாயி, நீ சொன்னா சரி" என்று அடுத்த கட்டையை அழுத்தப் போய்விட்டார்.

4. கால்குலேட்டர்

இதை மென்பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விண்டோஸோடு இலவசமாக வருவது. என் பட்டியலில் முதல் இடம் இப்போது இதற்குத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை சூளை பிரித்தார்கள். சரோஜா அக்கா ஒரு கேரியரை எடுத்து கோயம்புத்தூர் பேஸில் வைத்து அழுத்தினார். ஏறவில்லை. திருப்பி வைத்தார். ஏறவில்லை.

"அண்ணன் கால தம்பி செருப்புல நொழைக்கிற மாரி இருக்குது" என்றார். கேரியரை என் கையில் வைத்தார்.

முதலாளி வந்தார். வெர்னியர் வந்தது. கட்டை அறுபத்தெட்டு. டையைக் கழற்றி அளந்தோம். எழுபத்தேழரை.

"ஏம்மா, படத்துல எவ்ளோ போட்டிருக்குற?"

"அறுபத்தெட்டு புள்ளி ரெண்டு சார்."

"டையி எழுவத்தேழு. அப்ப அவன் இஷ்டத்துக்கு வெட்டி வெச்சிருக்கானா?"

நான் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து காட்டினேன். தெளிவாக இருந்தது, 68.2. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. மறைக்காமல் எழுதுகிறேன், நல்ல குளிர்ந்த நிம்மதி.

முதலாளி அங்கேயே போனைப் போட்டார். "இன்னாய்யா வேல பாத்திருக்குற? குடுத்த படத்தப் பாக்க மாட்டியா? இனிமே ஒனக்கு இங்க டையி வேல கெடையாது, போ." எதிர்முனை பேசுவதற்குள் வைத்துவிட்டார். பழனிவேல் அண்ணனுக்கு வரும் டை வேலையில் பாதிக்கு மேல் எங்களுடையது. பட்டறைக்குப் போன மூன்று தடவையும் அவர் பெஞ்சில் எங்கள் டைதான் ஏறியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, எவ்வளவு தப்பு என்று ரிப்போர்ட் போட உட்கார்ந்தேன். தப்பு வேறு யாருடையதாவது என்றால் ரிப்போர்ட் எழுத எனக்குக் கை பரபரக்கும். கால்குலேட்டரைத் திறந்து, எழுபத்தேழரையை அறுபத்தெட்டு புள்ளி இரண்டால் வகுத்தேன்.

1.136.

இன்னொரு முறை வகுத்தேன். அதே எண். நான் ஸ்கேல் கட்டளையில் தட்டிய எண். இஷ்டத்துக்கு வெட்டுகிற ஆளுக்கு இந்த எண் வராது.

அப்போதுதான் அந்தப் பித்தளை ஸ்கேல் கண்ணில் நின்றது. அதில் அறுபது என்று எழுதியிருக்கும் கோடு உண்மையில் அறுபது மில்லிமீட்டரில் இல்லை, அறுபத்தெட்டில் இருக்கிறது. சுருக்கத்தைச் சேர்த்தே கோடு கீறி வைத்திருக்கிறார். அட்டையில் எழுதி வரும் சுட்ட அளவை அந்த ஸ்கேலில் அப்படியே வைத்து வெட்டினால் டை தானாகச் சரியாக வரும். நான் ஒரு முறை பெரிதாக்கி அனுப்பியதை, வழக்கம்போல அவர் இன்னொரு முறை பெரிதாக்கிவிட்டார். அதே ஸ்கேலை வைத்து நானும் அளந்து, ஒத்துப்போகிறது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நோட்பேடைத் திறந்தேன்.

சொல்லாமல் இருக்கக் காரணங்கள்:
1. படத்தில் 68.2 என்றுதான் இருக்கிறது. அது பொய் இல்லை.
2. கேட்காமல் வெட்டியது அவர்.
3. ஏழாவது மாதம்தான் ஆகிறது, வேலை போய்விடும்.
4. நான் ஊருக்குப் போகும் கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஐந்து பத்துக்கு.

சொல்லக் காரணங்கள்:
1. தப்பு என்னுடையது.

நான்குக்கு ஒன்று. இரண்டாவது பட்டியலில் இன்னொரு வரி சேர்க்க அரை மணி நேரம் முயன்றேன். வரவில்லை. கரண்ட் போய், யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. சேமிக்காமலே எழுந்து முதலாளி அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த கேரியரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"ஆமா சார்."

"அப்பறம் எதுக்கு சொன்ன?"

"கால்குலேட்டர்ல வந்துடுச்சு சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோயம்புத்தூருக்கு நான் பேசிக்கிறேன். அவன்கிட்ட நீயே நேரா போயி சொல்லு. நான் பேசுன பேச்சுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

ஐந்து பத்து பஸ்ஸை விட்டுவிட்டு ஜங்ஷன் ரோட்டுக்கு நடந்தேன். பழனிவேல் அண்ணன் லேத்தை நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி, என் தப்பை முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்கும் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் லேத்தை நிறுத்தினார்.

"கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.

"கேட்டுச்சு. சும்மாதான் இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னேன்." சிரிக்கவில்லை. "வெட்டுன இரும்ப ஒட்ட வெக்க முடியாது பாப்பா. புதுசாதான் வெட்டணும். மொதலாளி என்னய வேலைய வுட்டு நிறுத்திட்டாரே, யாருக்கு வெட்ட?"

"அவருக்கு மூஞ்சி இல்லன்னு சொன்னாருண்ணே."

"அதையாச்சும் சரியா அளந்து சொன்னியே" என்று இரும்புத் துண்டைத் தேட ஆரம்பித்தார்.

புது டை ஒரு வாரத்தில் வந்தது. மாதிரி தாமதமாகத்தான் போனது. கோயம்புத்தூர்காரர்கள் முணுமுணுத்துவிட்டு, பேஸில் ஏறிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். என் வேலை போகவில்லை. போகும் என்று எழுதியது என் பட்டியலில் நான் செய்த இன்னொரு தப்பு.

5. எழுத்துக் கருவி

ஆட்டோகேடில் வரைபடத்தின் மீது வெறும் எழுத்தை எழுத ஒரு கட்டளை உண்டு. வகுப்பில் அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதன் பிறகு என் படங்களில் நான் முதலில் போடுவது அதுதான். "சுட்ட பின் அளவு. சுருக்கம் சேர்க்கவில்லை." பெரிய எழுத்தில். நிழல் இல்லாமல்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒரு எண்ணை அடுத்தவரிடம் கொடுக்கும்போது, அது எதற்கு முன், எதற்குப் பின் என்று கூடவே சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த வேலை எப்படிச் சரியாக நடந்துவந்தது என்று, அதைச் சரிசெய்யப் போவதற்கு முன் கேளுங்கள். பதினைந்து வருடமாக அழுத்துகிறவர் பெரிதாக இருக்கிறது என்றால், தாளை எடுக்காதீர்கள். வெர்னியரை எடுங்கள்.

அடுத்த முறை பட்டறைக்குப் போனபோது அந்தப் பித்தளை ஸ்கேல் சுவரில் ஆணியில் தொங்கியது. ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்: "கம்ப்யூட்டர் பாப்பா தொடக் கூடாது."

அந்தத் தட்டிலிருந்து ஒரு கேரியரை நான் வைத்துக்கொண்டேன். இப்போதும் என் மேசையில் காற்றுக்குத் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை எழுதும் முன் ஒரு முறை அளந்தேன். அறுபத்தெட்டு மில்லிமீட்டர். வெர்னியரில்தான்.