பயம் அடங்கும் வரை

எங்கள் வீட்டில் ஆண்டவரிடம் கேட்டுச் சொல்வது என் கணவரின் பொறுப்பாகவே இருந்தது. யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை. சமையல் என் பக்கம் வந்ததுபோல அது அவர் பக்கம் போய்விட்டது. மகளை நர்சிங் படிக்க அனுப்புவதா என்று தடுமாறியபோதும், தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸை விட்டு ரோட்டோரம் இந்தச் சின்ன வீட்டைக் கட்டலாமா என்று குழம்பியபோதும், அவர் விடியற்காலையில் முன்னறை ஜன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சில நாள் அப்படியே போகும். பிறகு ஒரு காலை எழுந்து சமையலறைக்கு வந்து, "ஆண்டவர் சொல்லிட்டாரு. அனுப்புவோம்" என்பார்.

நான் சரி என்பேன். எப்படிச் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை. சிலருக்குப் பாட வரும், சிலருக்கு வராது என்பதுபோல அதையும் எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற அடுத்த மழைக்காலத்தில், முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் ஓய்ந்தன. பேச்சும் போனது. நாம் பேசுவதெல்லாம் அவருக்கு விளங்கும். பதில் மட்டும் வாய்க்கு வராது. "ஆமா", "இல்ல", அப்புறம் "தேத்தண்ணி". தலை வலித்தாலும் தேத்தண்ணி, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் தேத்தண்ணி. ஆயுசு முழுக்கத் தேயிலையோடு கிடந்த மனிதருக்கு அந்த ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருட்டோடு எழுந்து அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவேன். அந்த அக்கா கொழுந்து பறித்து ஓய்ந்தவர், புருஷன் இல்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் வந்தால் கை கால் பயிற்சி, சமையல், துவைப்பு. வகுப்பில் பிள்ளைகளை எழுத வைத்துவிட்டு மேசையில் கன்னத்தைச் சாய்த்தால், மணி அடிக்கும்போதுதான் விழிப்பேன். அவர்கள் என்னை எழுப்பக்கூடாது என்று சத்தமில்லாமல் இருந்திருப்பார்கள். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் மகள் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையிலிருந்து பேசினாள். கலியாணம் கட்டி அங்கேதான் இருக்கிறாள்.

"அம்மா, அப்பாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்க. அங்க தனியா கெடந்து ஏன் கஷ்டப்படுறீங்க?"

"ஸ்கூல் இருக்குல்ல. ஓய்வு எடுக்க இன்னும் சில வருசம் இருக்கு."

"ஒடம்பு இருந்தாதானம்மா ஸ்கூலு."

"ஜெபிச்சிட்டு சொல்றேன்."

"அப்பா மாதிரியே சொல்றீங்க" என்றாள்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அது எப்படி என்று தெரியவில்லை. முழங்காலில் நின்று கட்டிலில் நெற்றியை வைத்தால் அப்படியே தூங்கிப்போவேன். வேதத்தைத் திறந்து கண் பட்ட இடத்தைப் படித்தேன். ஒருநாள் வம்ச வரலாறு வந்தது, மறுநாள் கூடாரத்துத் திரைகளின் அளவு வந்தது. பிறகு அடையாளம் கேட்க ஆரம்பித்தேன். அவரை நுவரெலியா கிளினிக்குக் கூட்டிப்போகும் நாளில், 'பஸ்ஸில் இடம் கிடைத்தால் வத்தளைக்குப் போகச் சொல்கிறீர் என்று எடுத்துக்கொள்கிறேன் ஆண்டவரே' என்று மனதுக்குள் பேசினேன். கூட்டம் நெருக்கியடித்தது. யாரோ ஒரு பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானுஓயா தாண்டும்வரை நின்றேன். இதைப் போ என்று எடுப்பதா, இரு என்று எடுப்பதா?

எங்கள் சபையில் ஜெபக்கூட்டம் நடத்தும் ஒரு சகோதரி வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடி ஜெபித்தார். முடித்ததும், "டீச்சரம்மா, கர்த்தர் எனக்குக் காட்டுனாரு. தண்ணி ஓரமா ஒரு வீடு. நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறீங்க" என்றார். அவர் போனபின் யோசித்தேன். தண்ணீர் என்றால் வத்தளைக் கடலா? தலவாக்கலை நீர்த்தேக்கமும் தண்ணீர்தான். எங்கள் வாசலில் நின்றால் அதன் ஒரு மூலை தெரியும். மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வரும் போதகரிடம் சொன்னபோது, "தேவசித்தம் வெளிப்படும்க்கா" என்றார். அது எப்படி வெளிப்படும் என்று அவரை நிறுத்திக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். என் மகளைவிடச் சின்னவள். ஒருநாள் அவள் அவரிடம் ஒரு படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். அவர் உதட்டைக் கூட்டுவதற்குள் நான் "குடை" என்று சொல்லிவிட்டேன். அடுத்த படத்துக்கும் அப்படியே. அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிங்களத்தில் மெதுவாக என்னிடம் சொன்னாள்: "டீச்சர், அவருடைய சொல்லை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள். அது வரும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. காத்திருக்க நேரம் வேண்டாமா? அடுப்பில் சோறு கொதிக்கும்போது யாரால் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்க முடியும்?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. பாதையில் மண் சரிந்து கிடந்ததால் ஆராதனைக்குப் போக வழியில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்து அவரை ஜன்னலோரக் கதிரையில் உட்கார வைத்தேன். பாத்திரம் கழுவாமல் கிடந்தது. மகள் மறுபடியும் பேசியிருந்தாள். நான் அவர் எதிரே நின்று, திட்டுவதுபோலவே கேட்டேன்.

"என்னங்க, ஒங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு? எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது."

"தேத்தண்ணி" என்றார்.

நான் அடுப்படிக்குத் திரும்பினேன். அவர் இடது கையை நீட்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல. இல்ல."

இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கால் வலித்தது, அதனால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பார்க்கப் பாவமாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"கேக்கல" என்றார்.

"என்னா கேக்கல?"

"சத்தம். கேக்கல."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்ப ஆண்டவர் சொல்லிட்டாருன்னு வந்து சொல்லுவீங்களே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். "ப... ப..." என்று ஆரம்பித்தார். பைபிளா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பயம்" என்றார். பிறகு ஒவ்வொன்றாக, இடையிடையே மூச்சு வாங்கி: "பயம்... இருக்கும். உக்காருவேன்." நல்ல கையை உயர்த்தி, உள்ளங்கை கீழே பார்க்க, முழங்கால் வரை மெல்ல இறக்கினார். "அடங்கும். பெறகு... மிச்சம்."

"மிச்சம்னா?"

"பயம் போயி... மிச்சம். அதுதான்."

நான் எழுந்து போய்ப் பாத்திரங்களை உருட்டிக் கழுவினேன். மகள் படிக்கப் போன விஷயத்தில், வீடு கட்டிய விஷயத்தில், என் பயத்தையெல்லாம் வாய்க்குள் போட்டுக்கொண்டு நான் சரி சொன்னது வானத்திலிருந்து வந்த சொல்லுக்கு என்று நம்பியல்லவா? அவரும் என்னைப்போலப் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாரா? தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஆண்டவர்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கோபம் குறைந்திருக்கவில்லை.

நல்ல தோளை மட்டும் தூக்கினார். "தெரியாது." கோப்பையை இரண்டு வாய் குடித்தார். பிறகு, "நம்புனேன்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து, அவரை எழுப்புவதற்கு முன்னால், அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார ஆரம்பித்தேன். பெரிதாக ஜெபம் ஒன்றும் இல்லை. 'ஆண்டவரே, இருக்கேன்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். முதலில் தூக்கம்தான் வந்தது. தூக்கம் போனபின் பயம் வந்தது. நான் பள்ளியில் இருக்கும்போது இவர் விழுந்து கிடந்தால்? அது கொஞ்சம் தணிந்தால் அதற்கடியில் இன்னொன்று: மகள் வீட்டில் பாரமாகிப்போனால்? மருமகன் முகம் சுளித்தால்? வேலையும் இல்லாமல், தெரிந்த முகமும் இல்லாமல், கடலோரத்து வெக்கையில் நான் என்ன செய்வேன்? அதையும் விரட்டாமல் இருக்கவிட்டேன். சில நாள் அழுதேன். சில நாள் பால் பொங்கிவிட்டது, எழுந்துவிட்டேன்.

ஒரு காலையில் எல்லாம் ஓய்ந்து, கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை. அப்போது மிஞ்சியது நான் எதிர்பார்த்தது அல்ல. போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. 'உன்னால தனியா முடியல, ஆள் கேளு' என்பதுதான். என் சொந்தக் குரல்போலத்தான் இருந்தது. ஆனால் யார் கேட்டாலும் "சமாளிச்சிக்கிறேன்" என்றே சொல்லிப் பழகிய நான், அதை எனக்கே சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்காவிடம், காலையில் கொஞ்சம் முன்னதாக வந்து அவரைத் துடைத்துவிட உதவ முடியுமா என்று கேட்டேன்.

"இதக் கேக்கவா டீச்சர் இவ்வளவு நாளு?" என்றார். "வெள்ளனவே வந்தாலும், கூப்புடாம உள்ள வந்தா கோவிச்சிக்குவீங்களோன்னுதான் வாசல்லயே நின்னேன்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து நின்று சொன்னேன். சாயங்காலங்களில் அவரை நடக்கவைக்க ஆண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். தரிசனம் கண்ட சகோதரியின் புருஷன் வாராவாரம் வந்து முகம் மழிக்கிறார். "நாங்க இப்ப போகலக்கா" என்று நான் தயங்கிச் சொன்னபோது அந்தச் சகோதரி சிரித்தார். "நான் கண்டது கண்டதுதான். எப்பன்னு அவர் சொல்லலியே."

அதைச் சொல்லுமுன், வத்தளைக்குப் போவதா என்று அவரிடமே கேட்டிருந்தேன். அதுவரை கேட்டிருக்கவில்லை. அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, "இங்க. கொஞ்ச நாள்" என்றார். மகளிடம் சொன்னதும் அவள் கோபப்பட்டாள், அழுதாள். "அப்பா விழுந்தா மறைக்காம சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன். நீ லீவு போட்டுட்டு வா. எனக்குத் தூங்கணும்."

வந்தாள். அவள் இருந்த நாளெல்லாம் நான் பகலிலும் தூங்கினேன்.

அதற்குப் பிறகு அவர் ஒருமுறை விழத்தான் செய்தார். அக்கா சத்தம்போட்டு ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டுத் தூக்கிவிட்டார். பெரிய அடி இல்லை. மகளிடம் மறைக்காமல் சொன்னேன். நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். எடுத்த முடிவு சரிதானா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை. அவர் இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார். என் முதுகுவலி போகவில்லை. காலையில் பலகையில் உட்காருகிறேன். பல நாள் பயம் அடங்குவதற்குள் பஸ் வரும் நேரமாகிவிடுகிறது. அன்றைக்குப் பயத்தோடேயே ஏறிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறேன்.