தானாக நகர்ந்த கூண்டு

கப்பி என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். கிணற்று வாளியிலிருந்து வாசல் கேட்டுவரை எதைக் கண்டாலும் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றைக் கோத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுக்கிற மாதிரி செய்துவைக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? வயது ஐம்பத்து மூன்று. காவலாளி வேலைக்குப் போகிறவர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத்தரும் மைதானம் ஒன்றில் இருபத்தோரு வருடமாகக் குறிப்பலகைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தெருவில் எல்லாரும் அவரைப் பெரிய மூளைக்காரர் என்பார்கள். அவரைக் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு, "மூளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் பயம்" என்பார்.

அது அடக்கத்துக்குச் சொல்வது இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலகைகளுக்கு அடியில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி இருந்தது. அதற்குள் குந்தி உட்கார்ந்துகொண்டு, நீளக் கழியில் பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் குண்டு போகும். சாட்டையைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம் வரும். அது காதில் விழும்போது குண்டு பின்னால் மண்மேட்டில் புதைந்து முடிந்திருக்கும். அவருக்கு முன்னால் அந்தக் குழியில் இருந்தவர், கல்லில் பட்டுத் தெறித்த துணுக்கில் இடது கண்ணைப் பறிகொடுத்தவர். முதல் மாதம் முழுக்கக் கப்பிக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டாவது மாதம், பழைய சைக்கிள் செயின் ஒன்றையும் நான்கு கப்பிகளையும் கொண்டுவந்து மாட்டினார். குழிக்குள் இருந்து கழியில் தூக்கிய பலகை, அறுபது அடி தள்ளி ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் எழுந்து நின்றது. குழியை அவரே மண் போட்டு மூடினார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. துணி துவைக்கும் மெஷினின் டைமரை வைத்துத் தானாக எழுந்து படுக்கும் பலகைகள். குண்டு பட்டால் சாய்ந்து, எடைக்கல் இழுத்து மறுபடி நிமிரும் இரும்புத் தட்டு. கடைசியாக, எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்த ஓடும் பலகை. தண்டவாளம்போல இரண்டு இரும்புப் பட்டை, அதன்மேல் நாலு சக்கர வண்டி, வண்டியில் ஆள் உருவம் வரைந்த பலகை. அதை இழுக்க ஒரு லாரியின் வைப்பர் மோட்டார். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் வலமிருந்து இடம் ஓடும், இன்னொன்றை அமுக்கினால் திரும்பி வரும். சுடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான்: பலகை நகர்ந்தால் சுடு.

மைதானத்தின் பக்கச் சுவருக்கு அந்தப் புறம் தொழிலாளர் வீடுகள் நான்கு. சுவரை ஒட்டிய கொல்லை கப்பியுடையது. அங்கே அவர் மனைவி பதினெட்டுக் கோழி வளர்த்தாள். பூனை வந்துவிடும், நாய் வந்துவிடும் என்று அவருக்கு அங்கேயும் பயம். அதனால் கோழிக்கூண்டின் கதவையும் சும்மா விடவில்லை. உள்ளே கோழிகள் அடையும் கழியை ஒரு ஸ்பிரிங்கில் தொங்கவிட்டிருந்தார். பதினெட்டும் ஏறி உட்கார்ந்தால்தான் கழி கீழே இறங்கும். இறங்கினால் கதவு தானாக விழுந்து மூடிக்கொள்ளும். ஒரு கோழி குறைந்தாலும் மூடாது. "எண்ணிப் பாக்கற வேலைகூட எனக்கு மிச்சம்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

கூண்டுக்குத் தரை கிடையாது. தினமும் ஒரு கூண்டு நீளம் தள்ளி வைத்தால் கோழிகளுக்குப் புதுப் புல் கிடைக்கும். ஆனால் அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பாரமான கூண்டைத் தள்ள முடியாது. ஆகவே கப்பி அதற்கும் சக்கரம் மாட்டி, மோட்டார் வைத்து, கார் பேட்டரி கொடுத்து, மைதானத்துக்கு ரிமோட் வாங்கிய அதே கடையில் இன்னொரு ரிமோட்டும் வாங்கிவந்து சமையலறை ஆணியில் மாட்டினார். காலை ஆறு மணிக்கு அவள் பொத்தானை அமுக்குவாள். கூண்டு மெல்ல ஊர்ந்து நகரும், கோழிகளும் உள்ளே கூடவே நடக்கும். வீட்டுப் பக்கத்திலிருந்து சுவர்வரை போய்ச் சேரப் பன்னிரண்டு நாள். அப்புறம் திருப்பி இழுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் பகல் பதினொரு மணி. நல்ல வெயில். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொல்லையில் கோழிகள் தொண்டை கிழியக் கத்தின. நாய் என்று நினைத்து விளக்குமாறோடு ஓடினாள். நாய் இல்லை. யாருமே இல்லை. கூண்டு மட்டும் சுவரைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க நின்றது. இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்துப் பின்னால் வந்தது. மறுபடி நின்றது.

ரிமோட் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மதியம் சாப்பிட வந்தவரிடம் சொன்னாள். "என்னங்க, கூண்டு தானா நகருதுங்க."

"மேடா பள்ளமா இருக்கும். உருண்டிருக்கும்."

"உருண்டா முன்னால போகும் சரி. பின்னால எப்படிங்க வரும்?"

ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தார், வயரைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. கூண்டைச் சுற்றிச் சலித்த மணலைப் பரப்பிவிட்டுப் போனார். மறுநாளும் அதே நேரத்துக்குக் கூண்டு நகர்ந்தது. மணலில் கோழிக் காலையும் கூண்டுச் சக்கரத்தையும் தவிர ஒரு தடம் இல்லை. மூன்றாம் நாளும் நகர்ந்தது. அதற்குப் பிறகு பத்து நாள் ஒன்றும் இல்லை. சரி, விட்டது சனியன் என்று மூச்சு விட்டபோது, மறுபடி ஆரம்பித்தது.

பாம்பைக் கண்டாலும் கழியை எடுத்துக்கொண்டு போகிறவள் அவள். அவள் பட்டப்பகலில் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். கப்பிக்கோ வேலையில் மனம் ஒட்டவில்லை. தன்மேல் யாருக்காவது கோபமா, வீட்டை யாராவது நோட்டம் விடுகிறார்களா என்று யோசித்துக்கொண்டே இருப்பார். பேட்டரி வயரைப் பிடுங்கி வைத்தார்கள். கூண்டு அசையவில்லை. ஆனால் அதைத் தள்ளப்போய் அவளுக்கு நாலு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மறுபடி வயரை மாட்டினார்கள். இடைவேளைக்கு இடைவேளை அவர் போன் செய்வார். "கதவு சாத்தியிருக்கா?" "சாத்தியிருக்கு." "யாராச்சும் வந்தாங்களா?" "யாரும் வரல. நீங்க வேலயப் பாருங்க." அவள் குரல் மட்டும் பழைய மாதிரி இல்லை.

அன்றைக்குச் சுடும் வரிசையில் ஆறு பேர். அதில் ஒருவர் பதினாறு வருடம் பஸ் ஓட்டிவிட்டு, கண்ணில் புரை வந்து எடுத்த பிறகு காவலாளி வேலைக்கு வந்தவர். எல்லாரும் பஸ்காரர் என்பார்கள். பயிற்சி கொடுப்பவர் முன்பு ராணுவத்தில் இருந்த ஒரு பெண்மணி. மேடம் என்றால் மைதானமே நிமிர்ந்து நிற்கும்.

கப்பி ரிமோட்டை அமுக்கினார். பலகை ஓடியது. பாதி தூரத்தில் செயின் கழன்று நின்றுவிட்டது. மேடம் சிவப்புக் கொடியை ஏற்றச் சொன்னார். "எல்லாரும் குண்ட வெளிய எடுங்க, துப்பாக்கியக் கீழ வைங்க!" கப்பி எப்போதும் மூன்று தடவை பார்ப்பார்: கொடி, கைகள், மறுபடி கொடி. அன்றும் பார்த்தார். மோட்டாரின் மெயின் ஸ்விட்சை மட்டும் நிறுத்தவில்லை. ரிமோட்தான் என் சட்டைப் பையில் இருக்கிறதே, வேறு யார் அமுக்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு.

பலகையின் அடியில் மண்டியிட்டு, செயினை எடுத்துப் பல்சக்கரத்தின்மேல் ஏற்றினார். கடைசிக் கண்ணி உட்கார்ந்தது. அந்த நொடியில் மோட்டார் உறுமியது.

சக்கரம் சுழன்றது. அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் போய்விட்டன. வண்டி நகர்ந்தது, அவரையும் இழுத்துக்கொண்டு. வலியைவிட முதலில் வந்தது வேறொன்று. பலகை நகர்கிறது. அங்கே ஆறு பேர் இருக்கிறார்கள். நகர்ந்தால் சுடு என்று ஆயிரம் தடவை சொல்லிக் கொடுக்கப்பட்ட ஆறு பேர். "வேணாம்" என்று கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கையை விடுவிக்க முடியவில்லை. முகத்தை மண்ணில் புதைத்தார்.

சாட்டைச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. தலைக்கு ஒரு சாண் மேலே பலகை வெடித்து, மரச் சிராய் முடியிலும் பிடரியிலும் கொட்டியது.

வண்டி தானாகவே நின்றது. நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கால்சட்டை நனைந்திருந்தது. ஓடிவரும் பூட்ஸ் சத்தமும், மேடம் யாரையோ பார்த்துக் கத்துவதும் வெகு தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. சுட்டவர் பஸ்காரர். துப்பாக்கியில் ஒரு குண்டை எடுக்காமல் விட்டிருந்தார். பலகை அசைந்ததைப் பார்த்ததும் கை தானாகத் தூக்கிச் சுட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி ஓடிவந்தாள். முடி கலைந்து, முகம் வெளிறி, மூச்சு வாங்கியது. அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் ஆசுவாசமானதும் சொன்னாள்: "இன்னைக்கு விடிஞ்சதே சரியில்லைங்க. கூண்டு மறுபடி தானா நகந்துச்சு. செவலைக் கோழி கால் சட்டத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு. அது கத்தின கத்து! நான்தான் ரிமோட்ட எடுத்துட்டு ஓடி, கூண்டுப் பக்கத்துல நின்னு அமுக்கிப் பின்னால எடுத்து விட்டேன்."

"எத்தனை மணிக்கு?" என்றார் கப்பி.

"பதினொன்னே கால் இருக்கும். ஏங்க?"

அவர் கை செயினில் மாட்டியதும் அதே நேரம்தான். ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே மாதிரி இரண்டு ரிமோட். கூண்டு சுவரை நெருங்கி, ரிமோட் எட்டுகிற தூரத்தில் இருக்கும் அந்த மூன்று நாள் மட்டும் இங்கே அமுக்கினால் அங்கே ஓடும். அங்கே அமுக்கினால் இங்கே ஓடும். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் கரண்ட் இருக்காது, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. பேயும் இல்லை, திருடனும் இல்லை. அவரேதான்.

"ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்" என்றார்.

எப்படிச் சொல்வது? உன் கட்டைவிரல்தான் என்னை இழுத்தது என்று இவளிடம் எந்த வாயால் சொல்வது? மைதானத்தில் தெரிந்தால் வேலை போகும். அந்தப் பயம் ஒரு பக்கம் என்றால், இவள் முகத்தைப் பார்க்கும் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மாலை பஸ்காரர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "அண்ணே, என்னைய அனுப்பிட்டாங்க. நிறுத்தி வச்ச பலகையப் பாத்து, ஆள் இருக்கறப்ப சுட்டேன்னு எழுதியிருக்காங்க. ரிமோட் உங்க பையில இருந்துச்சாம், அதனால பலகை அசைஞ்சிருக்க வாய்ப்பே இல்லையாம். உங்க விரலும் செயின மாட்டறப்ப நசுங்கினதுதானாம். கூட இருந்தவங்களும் சரியாப் பாக்கலேங்கறாங்க. எனக்கே சந்தேகமா இருக்குண்ணே. என் கண்ணுதான் கெட்டுப்போச்சா? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது அசைஞ்சுதா, இல்லையா?"

கப்பி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா."

பஸ்காரர் தலையாட்டினார். வாசலில் நின்று ஒரு கண்ணை மூடி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தார். குழிக்குள் குந்தியிருந்த காலத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தன் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டது கப்பிக்கு நினைவு வந்தது.

உள்ளே போய் மனைவியை உட்காரச் சொன்னார். ஆணியிலிருந்து ரிமோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அழவில்லை. பிறகு தன் கட்டைவிரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு கேட்டாள். "அந்தக் குண்டு கொஞ்சம் கீழ வந்திருந்தா?"

"வரல இல்ல. விடு."

"நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. அந்தாளு பாவம்."

காலையில் மேடம் முன்னால் இரண்டு ரிமோட்டையும் மேசையில் வைத்தார். மேடம் நம்பவில்லை. மைதானத்துக்கு நடந்தார்கள். மேடமே கோழிக்கூண்டு ரிமோட்டை வாங்கிப் பொத்தானை அமுக்கினார். பலகை ஓடியது. சுவருக்கு அந்தப் புறம் கோழிகள் கத்தின. மேடம் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ரிமோட்டை அவரிடமே கொடுத்தார்.

"உங்கள மாதிரி பயந்த ஆள நான் பாத்ததில்ல. நீங்களா மெயின நிறுத்தாமப் போனீங்க?"

"நான் செஞ்சதாச்சேன்னு நம்பிட்டேன், மேடம்."

மூன்று வாரம் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பஸ்காரரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் குண்டை எடுக்காமல் விட்டது விட்டதுதான் என்று முதல் நாள் பாடத்திலிருந்து தொடங்க வைத்தார் மேடம். அவர் அதற்கே கும்பிடு போட்டார்.

திரும்பி வந்த கப்பி ரிமோட்டுகளைச் சுத்தியலால் உடைத்தார். மோட்டாருக்குத் தடித்த வயர் இழுத்து, ஒரு பூட்டு வைத்தார். ஒரே சாவி. சாவி உள்ளே இருந்தால்தான் கரண்ட் போகும். பலகைப் பக்கம் போகிறவர் அதை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கூண்டுக்கு மோட்டாருக்குப் பதிலாகக் கயிறும் கைச்சக்கரமும் வந்தன. பல்சக்கரத்தில் பல்லைக் குறைத்து, நாலு கப்பி கோத்ததில், இடுப்பு நோகாமல் அவளால் சுற்ற முடிந்தது.

விரல்கள் ஓரளவு மடங்கின. துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் தோள் குலுங்குவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் அவருக்காவது அது பழைய பயம். அவளுக்குப் புதிது. மிக்ஸியைப் போட வேண்டும் என்றால்கூடச் சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்: "எங்க இருக்கீங்க?"

"இங்கதான், திண்ணையில உக்காந்திருக்கேன்" என்பார் கப்பி. அந்தப் பதில் காதில் விழுந்த பிறகும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் பொத்தானை அமுக்குவாள்.