மேடையில் ஒரு ‘தெரியாது’

நான் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். தென்மராட்சியில் நான் ஒலிபெருக்கிப் புனல் கட்டாத பனைமரம் குறைவு. என் மகள் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். அண்டவெளி பற்றித்தான் ஆராய்ச்சி. “என்ரை மகளிட்டைக் கேளுங்கோ, அவளுக்கு எல்லாம் தெரியும்” என்று சாவகச்சேரிச் சந்தையில் மீன் வாங்கும்போதுகூடச் சொல்லித் திரிந்தேன்.

அதைக் கேட்டுத்தான் எங்கள் கோயில் செயலாளர் திருவிழாவில் பேச அவளைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரன் இப்போது கண்டுபிடிப்பதையெல்லாம் எங்கள் ஆட்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்று அவள் பேச வேண்டும். அதுதான் அவருக்குத் தேவை. வருகிற பேச்சாளர்கள் எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். சனமும் கைதட்டும்.

பின்னேரப் பூசை முடிந்து சனம் மணலில் இருந்தது. நான் மேடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியடியில் நின்றேன். மகள் நேராக விசயத்துக்கு வந்தாள். வானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் சுழல்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற பாரம் மட்டும் என்றால் அந்த வேகத்துக்கு அவை சிதறிப்போக வேண்டும். ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது என்ன? தெரியாது. எல்லாம் தொடங்குவதற்கு முன் என்ன இருந்தது? தெரியாது. இன்னும் எங்களிடம் வெளிச்சம் வந்து சேராத தூரத்தில் என்ன இருக்கிறது? அதுவும் தெரியாது.

மூன்றாவது ‘தெரியாது’வுக்குச் சனம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்கக்கூடாதா என்று அவள்மேல்தான் கோபம் வந்தது.

முன்வரிசையில் சால்வையோடு இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி எழும்பினார். “பிள்ளை, உவ்வளவு படிச்சும் தெரியாதெண்டால், கொப்பர் சந்தையிலை சொல்லித் திரிஞ்சது என்ன?”

“அப்பா சொன்னது பொய், ஐயா” என்றாள். சனம் இன்னும் சிரித்தது. “எதுவரைக்கும் தெரியும், எங்கை தெரியாமல் போகுதெண்டு அளந்து ஒரு கோடு கீறத்தான் நாங்கள் படிக்கிறது. அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் முன்னுக்கு அரக்கலாம். கோட்டுக்கு அங்காலை இருக்கிறது தெரியுமெண்டு சொன்னால் நான் கள்ளி.”

செயலாளர் குனிந்துகொண்டு என்னிடம் ஓடி வந்தார். “அண்ணை, மைக்கை நிப்பாட்டுங்கோ. பழுதாப் போச்செண்டு சொல்லுவம். பிள்ளைக்கும் மானம் போகாது.”

என் கை சத்தக் குமிழில்தான் இருந்தது. திருகினால் முடிந்தது. அவளும் தப்புவாள், நானும் தப்புவேன். ஆனால் எனக்கு அந்த மேடை முழுக்க ஞாபகம் வந்தது. எத்தனை பேர் அதில் நின்று ஆகாயத்தையும் ஆன்மாவையும் தங்கள் வீட்டு அறை மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவையும் நான்தான் அடுத்த ஊர்வரை கேட்க வைத்தேன். ஒருத்தனாவது தெரியாது என்று சொல்லி நான் கேட்கவில்லை. இவள் சொல்கிறாள். சிரிக்கச் சிரிக்க நின்று சொல்கிறாள். என் பிள்ளை.

“என்ரை மைக் ஒருநாளும் பழுதானதில்லை. நீர் உம்மடை வேலையைப் பாரும்” என்றேன். சத்தத்தைக் கூட்டினேன்.

பின்னால், மடியில் குழந்தையை நித்திரையாக்கிக்கொண்டு இருந்த ஒரு பெண் கேட்டாள்: “அப்ப தங்கச்சி, பிடிச்சு வைச்சிருக்கிறது என்னெண்டு எப்ப தெரியவரும்?”

“அதுவும் தெரியாது, அக்கா. தேடிக்கொண்டிருக்கிறம்.”

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் இந்த முறை அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். எழும்பி நின்ற சால்வைக்காரர் இருந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து பெட்டிகளை லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றும்போது செயலாளர் வந்தார். “வாற வருசம் மைக் கட்ட வேறை ஆளைப் பிடிக்கப்போறம்.”

“ஓம், பிடியும்” என்றேன்.

மகள் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றாள். “அப்பா, இடையிலை என்ரை சத்தம் கூடினது. நீங்களோ?”

“ஓம். கச்சாய் ஊரிலை இருக்கிறவனுக்கும் கேக்கட்டும் எண்டு.”

அந்தக் கோயிலுக்கு இப்போது வேறொருவன்தான் கட்டுகிறான். அவனுடைய மைக் இரைகிறது.